மூலை ஒட்டிய மூன்று விடைத்தாள்கள்

கல்லூரி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை என் மகள் ஒரு தாளில் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் அதை விரித்து வைத்து மூன்று முறை படித்தேன். பி.யு.சி.யில் சேர வருகிறவர்கள் எல்லோரும் ஆங்கிலத் தகுதித் தேர்வு எழுத வேண்டும் என்று முதல் வரி. அதற்குக் கீழே யார் யாருக்கு விலக்கு என்று நீளமாக ஒரு பட்டியல். எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் நாற்பதுக்கு மேல் வாங்கியவர்கள் எழுத வேண்டாம். ஆங்கில வழியில் படித்தவர்கள் எழுத வேண்டாம். வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்கள் எழுத வேண்டாம். கடைசி வரிதான் எங்களுக்கு. பிரெஞ்சுப் பள்ளியில் படித்து பிரெவே என்ற பள்ளி இறுதித் தேர்வு தேறியவர்கள், நான்கு வருடம் தொடர்ந்து ஆங்கிலம் படித்ததாகத் தலைமையாசிரியரிடம் சான்றிதழ் வாங்கி வந்தால் எழுத வேண்டாம். இல்லாவிட்டால் எழுதியே ஆக வேண்டும்.

"ஊர்ல எல்லாருக்கும் விலக்கு. நம்ம வூட்டுக்கு மட்டும் பரீட்சை," என்றார் என் கணவர், மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.

"நாலு வருஷம் படிச்சிருக்கா இல்ல? சான்றிதழ் வாங்கிட்டா முடிஞ்சுது," என்றேன்.

இது போன ஜூன் மாதம் நடந்தது. புதுச்சேரியில் கொடி மாறி ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் பிரெஞ்சுப் பள்ளிகள் பழையபடி நடந்துகொண்டுதான் இருந்தன. நானே அப்படி ஒரு தொடக்கப் பள்ளியில் இருபது வருடத்துக்கு மேல் ஆசிரியை. மகளையும் அந்த வழியிலேயே படிக்க வைத்தேன். பிரெவே தேறிய பிள்ளைகள் முன்பெல்லாம் ஏதாவது ஒரு சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது ஆபீசுகளில் ஆங்கிலம் வந்துவிட்டது. ஊருக்கு வடக்கே, விமானத் திடல் பக்கம், மதராஸ் பாடத்திட்டப்படி ஒரு கல்லூரியும் வந்துவிட்டது. என் மகளுக்கு அங்கே விஞ்ஞானம் படிக்க வேண்டும். தவளையை அறுத்துப் பார்க்க வேண்டுமாம். வீட்டில் பல்லியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிறவள் அவள்.

இடம் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் எங்கள் வீட்டில் முடிவாகியிருந்தது. என் நாத்தனார் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருக்கிறான், பிரான்சில் தூலோனில் வீடு, தையில் லீவில் வருகிறான். என் கணவர் அவளிடம், "காலேஜ்ல எடம் கெடச்சா அப்புறம் பாப்போம். கெடைக்கலன்னா பேசலாம்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளையின் போட்டோ எங்கள் அலமாரியில் இருந்தது. நல்ல பையன் மாதிரித்தான் தெரிந்தான். அதனால்தான் எனக்குப் பயம் அதிகமாக இருந்தது.

சான்றிதழ் வாங்க மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நான்கு வருடமும் மகளுக்குத் தலைமையாசிரியையாக இருந்த கன்னியாஸ்திரி மார்ச் மாதமே கப்பலேறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் என்னை உட்கார வைத்து, காப்பி கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மதாம், நான் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நான்கு வருடம் படித்தாள் என்று நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?"

பழைய பதிவேடுகளைக் கேட்டேன். அவை மூட்டையாகக் கட்டி மேலிடத்துக்குப் போய்விட்டனவாம். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் சிரித்தார்.

"ஏ டீச்சரம்மா, உங்க ஆளுங்க நேர்மையே உங்க தலைல வுழுது பாரு."

"சிரிக்காதீங்க. பரீட்சைக்கு ஒம்பது நாள்தான் இருக்கு."

ஒன்பது நாளும் நான் அவளை உட்கார வைத்து டிக்டேஷன் கொடுத்தேன். எங்களுக்குப் பரீட்சை என்றால் முதலில் டிக்டேஷன்தான். ஆங்கிலத்தை நான் புத்தகத்தில் படித்தவள், வாயால் பேசியவள் இல்லை. என் கணவர் துறைமுக ஆபீசில் வேலை பார்ப்பவர். கப்பல்காரர்களோடு பேசிப் பேசி அவருக்கு ஆங்கிலம் வரும். ஆனால் எழுத வராது. நான் வாசிப்பேன், அவர் பக்கத்து அறையிலிருந்து திருத்துவார்.

"அப்பா சொல்றத எழுதவா, நீ சொல்றத எழுதவா?" என்பாள் மகள்.

"அப்பா சொல்றது கப்பல்ல பேசறதுடி. நான் சொல்றத எழுது."

"நீ சொல்றது எந்த நாட்டுலயும் பேசறது இல்லம்மா."

உள்ளேயிருந்து அவர் சிரிக்கிற சத்தம் வரும். சில நாள் மூன்று பேரும் சிரித்துவிட்டு டிக்டேஷனை மூடிவிடுவோம். பிறகு படுத்தால் எனக்குத் தூக்கம் வராது.

பரீட்சை எப்படி எழுத வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. அது என் தொழில். எங்கள் பரீட்சைகளில் பெயரையும் எண்ணையும் தாளின் வலது மேல் மூலையில் சின்னதாக எழுதுவோம். பிறகு அந்த மூலையை முக்கோணமாக மடித்துக் கோந்து தடவி ஒட்டிவிடுவோம். திருத்துகிறவருக்கு அது யார் தாள் என்று தெரியக் கூடாது. எல்லாத் தாளுக்கும் மதிப்பெண் போட்டு முடித்த பிறகு, இரண்டு பேர் முன்னிலையில்தான் மூலையைப் பிரிப்பார்கள். நானே எத்தனையோ பிள்ளைகளின் மூலைகளை ஒட்டியிருக்கிறேன், பிரித்திருக்கிறேன். உலகத்தில் எங்கே பரீட்சை நடந்தாலும் இப்படித்தான் நடக்கும் என்று நான் நினைத்திருந்தேன். வேறு மாதிரி நடக்கும் என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை.

"அங்க கோந்து குடுப்பாங்களோ என்னவோ," என்று சொல்லி, பிரஷ் வைத்த ஒரு சின்னக் கோந்து பாட்டிலை அவள் பையில் போட்டேன். "மூணு பக்கமும் நல்லா அழுத்தி ஒட்டணும். பாதி பிரிஞ்சிருந்தா எட்டிப் பாக்கத் தொறந்து வெச்சான்னு நெனைப்பாங்க."

"சரிம்மா."

"நல்லா அழுத்தி."

"சரிம்மா!"

பரீட்சையன்று சைக்கிள் ரிக்‌ஷாவில் இரண்டு பேரும் போனோம். உள்ளே விடவில்லை. வேலிக்கு வெளியே ஒரு முந்திரி மரத்தடியில் நின்றேன். மூன்று மணி நேரத்தில் நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெளியே வந்தவள் சிரித்துக்கொண்டே வந்தாள். டிக்டேஷனே இல்லையாம். ஒரு கட்டுரை, ஒரு கடிதம், ஒரு பத்தியைச் சுருக்கி எழுதுவது, கொஞ்சம் இலக்கணம்.

"எல்லாம் எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். மூலையும் ஒட்டிட்டேன். பாட்டில்தான் காலி."

"முழுசும் எப்பிடிடி காலியாச்சு?"

"பக்கத்துல நம்ம ஸ்கூல் பொண்ணுங்க ரெண்டு பேரு இருந்தாளுங்க. பாத்துட்டு, 'ஐயோ மறந்துட்டோமே'ன்னு கேட்டாளுங்க. குடுத்தேன்."

எனக்குப் பெருமையாக இருந்தது. அன்றைக்கு மகளுக்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் சேர்த்து சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் தேர்வு முடிவு ஒட்டினார்கள். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகள் பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். பதினோரு எண்ணுக்கு எதிரே மதிப்பெண் இருந்தது. மூன்று எண்ணுக்கு எதிரே 'வரவில்லை' என்று இருந்தது. அந்த மூன்றில் ஒன்று என் மகளுடையது.

மற்ற இரண்டு பெண்களும் பலகைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி ரெட்டியார்பாளையத்துப் பெண், அப்பா மில்லில் வேலை செய்கிறவர். இன்னொருத்தி ஓய்வுபெற்ற ஒரு சிப்பாயின் மகள். இரண்டு பேர் முகமும் வெளுத்திருந்தது. மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குள் நுழைந்தேன். அங்கே இருந்த குமாஸ்தா தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், வெற்றிலை போட்ட வாயோடு தலையை நிமிர்த்தினார்.

"உங்க பொண்ணு பரீட்சைக்கே வரலியேம்மா."

"வந்தா. வேலிக்கு வெளிய மூணு மணி நேரம் நின்னேன்."

"நீங்க நின்னீங்க, சரி. பொண்ணு எங்க போச்சோ!"

"சினிமாவுக்குப் போற பொண்ணா இருந்தா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கிறேன்?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, எண் இல்லாத மூன்று தாள்கள் ஆங்கில விரிவுரையாளரிடம் இருப்பதாகச் சொன்னார். "ஆனா அது வேற விவகாரம். சேர்க்கைப் பட்டியல் மூணு மணிக்கு முதல்வர் மேசைக்குப் போவுது. அதுக்குள்ள ஏதாவது பேசணும்னா அவர்கிட்டப் பேசுங்க. அதுக்கப்புறம் காத்திருக்கிறவங்களுக்கு அந்த எடம் போயிடும்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே கால்.

விரிவுரையாளர் மதராஸிலிருந்து வந்தவர், ஒல்லியான இளைஞர். மேசைமேல் அந்த மூன்று தாள்களும் தனியாக இருந்தன. மூன்றுக்கும் வலது மேல் மூலை முக்கோணமாக மடிந்து, அழகாக ஒட்டியிருந்தது. எனக்கு அதைப் பார்த்ததும் ஒரு நிமிடம் சந்தோஷம்தான் வந்தது. அவர் சொன்னதைக் கேட்டதும் அது போய்விட்டது.

"எண்ணை மறைச்சிருக்காங்க. மூணு பேரும் ஒரே மாதிரி. திருத்துறவங்களுக்கு ஏதோ அடையாளம் காட்டுறாங்கன்னு நினைக்கிறேன். முறைகேடுன்னு முதல்வருக்குக் குறிப்பு எழுதிட்டேன், இன்னும் அனுப்பல."

"ஐயோ சார், அது அடையாளம் இல்ல. அடையாளம் தெரியக் கூடாதுன்னு பண்றது!"

பெண்களை வெளியே நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் பள்ளி, என் தொழில், மூலை, கோந்து, பாட்டில் என் அலமாரியிலிருந்து போனது வரை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்க ஊர்ல மூடி வெச்சாத்தான் சந்தேகம் வரும்."

"எங்க ஊர்ல மூடலன்னாத்தான் சந்தேகம் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தாள்களையும் முன்னால் இழுத்தார். பிறகு, "நல்லது. பிரிச்சு, எண்ணைப் பாத்து, மார்க் போட்டுடறேன்" என்று காகிதம் வெட்டும் கத்தியை எடுத்தார்.

அப்போது நான் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்க முடியவில்லை. இருபது வருடப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

"இருங்க சார். மார்க் போட்டுட்டுத்தான் பிரிக்கணும்."

"அம்மா, மணி ஒண்ணரை ஆகுது."

"தெரியும் சார். ஆனா இப்பப் பிரிச்சா எது எம் பொண்ணு தாள்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். நான் வேற எதிர்ல ஒக்காந்திருக்கேன். கூட்டிப் போட்டாலும் தப்பு, கொறச்சுப் போட்டாலும் தப்பு. மத்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் அம்மா அப்பா யாரும் இங்க வரல."

"உங்களுக்குக் கையெழுத்துத் தெரியுமே?"

தெரியாது. அதுதான் வேடிக்கை. எங்கள் பள்ளிகளில் எல்லோருக்கும் ஒரே எழுத்தைத்தான் சொல்லிக் கொடுப்போம். ஒரே சாய்வு, ஒரே சுழி, ஒரே ஊதா மை. மூன்று தாளையும் நான் மேலாகப் பார்த்தேன். பெற்ற பெண்ணின் தாள் எது என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. அதைச் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தார்.

மூலையிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். அவர் திருத்தினார். வெளியே பெண்கள் ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு. அவர் ஒவ்வொரு பக்கத்தைத் திருப்பும்போதும் அவர் புருவத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எப்படிப்பட்ட மடத்தனம் செய்தோம், பிரிக்கவே விட்டிருக்கலாமே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். என் மகள் பெயரைப் பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் என் முகத்தையும் பார்த்துவிட்டு அவர் நாலு மார்க் சேர்த்துப் போட்டிருக்கலாம். அப்படி நினைத்ததற்காகவும் என்னைத் திட்டிக்கொண்டேன்.

இரண்டரைக்கு நிமிர்ந்தார்.

"ஒண்ணு அறுபத்தொண்ணு. ஒண்ணு அம்பத்துநாலு. ரெண்டும் பாஸ். மூணாவது..." பேனாவால் தாளைத் தட்டினார். "முப்பத்தெட்டு. நாப்பது வேணும்."

ரெண்டு மார்க். மூன்றில் ஒருத்திக்கு இடம் இல்லை. யாருக்கு என்று இன்னும் மூன்று பேருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"சார், எங்க ஊர் வழக்கம் இன்னொண்ணு இருக்கு," என்றேன். "ரெண்டு மூணு மார்க்குல நிக்கிற தாள மூலை பிரிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ முழுசாப் படிப்பாங்க. மார்க் கூட்டணும்னு இல்ல. படிக்கணும், அவ்ளோதான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "அது உங்க பொண்ணோட தாளா இருந்தா?"

"தெரியாதே சார். தெரியாததாலதான் கேக்குறேன்."

அவர் மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். "கட்டுரை சுமார்தான். சுருக்கம் பரவாயில்ல. கடிதக் கேள்விக்குப் பதிலே எழுதல, அங்கதான் அடி வாங்கியிருக்கு," என்று சொல்லிக்கொண்டே போனவர் நின்றார். ஒரு தாளை விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது கனமா இருக்கே?"

அதே விடைத்தாளின் இரண்டு ஏடுகள் ஓரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மூலையில் தடவிய கோந்து வழிந்து, உள்ளே இறங்கி, நன்றாக அழுத்தியதில் அப்படியே காய்ந்துவிட்டது. பக்கத்தைத் திருப்பினால் இரண்டும் சேர்ந்தே திரும்பியிருக்கின்றன. அவர் அடிக்கோலை நுழைத்து மெதுவாகப் பிரித்தார். உள்ளே இரண்டு பக்கம் முழுக்க ஊதா மையில் கடிதம் இருந்தது.

அதை நின்றபடியே படித்தார். பாதியில் சிரித்தார். ஊருக்கு வரும் நண்பனுக்கு எழுதச் சொல்லியிருந்தார்களாம். கடற்கரையில் எந்தக் கடையில் வேர்க்கடலை வாங்கக் கூடாது என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறாளாம். பதினைந்துக்கு ஒன்பது போட்டார்.

"நாப்பத்தேழு," என்றார். "மூணும் பாஸ். இப்பப் பிரிக்கலாமா?"

இரண்டு பேர் முன்னிலையில் என்பது வழக்கம் என்றேன். குமாஸ்தாவைக் கூப்பிட்டார். மண்பானைத் தண்ணீரில் விரலை நனைத்து மூலையைத் தடவினால் கிழியாமல் வரும் என்று காட்டினேன். அறுபத்தொன்று ரெட்டியார்பாளையத்துப் பெண். ஐம்பத்து நான்கு சிப்பாயின் மகள். அதற்குமேல் என் கை போகவில்லை. மூன்றாவதை அவரே பிரித்தார். பார்க்காமலே தெரிந்துவிட்டது. ஆனாலும் அவர் எண்ணைச் சத்தமாகப் படித்தபோது முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தது பெண் பாஸ் என்ற சந்தோஷத்தில் இல்லை. முப்பத்தெட்டு என்று அவர் சொன்னபோது அது என் மகளுடையது என்று தெரிந்திருந்தால், இன்னொரு தடவை படியுங்கள் என்று என் வாயிலிருந்து வந்திருக்காது. வகுப்பில் என் சொந்தப் பிள்ளைக்காக நான் ஒரு நாளும் அரை மார்க் கேட்டதில்லை. வெட்கப்பட்டு எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். தையில் கல்யாணச் சாப்பாடும் போட்டிருப்பேன்.

குமாஸ்தா வெளியே போய்ச் சொல்லிவிட்டார் போல. மூன்று பெண்களும் ஒன்றாகக் கத்தினார்கள். மகள் உள்ளே ஓடி வந்தாள்.

"நாப்பத்தேழாம்மா? பாஸாம்மா?"

"பாஸ்தான். அவ்ளோ கோந்தையா தடவறது?"

"நீதானே நல்லா அழுத்தி, நல்லா அழுத்தின்னு பத்துத் தடவ சொன்னே!"

விரிவுரையாளர் குனிந்து முறைகேடு என்று எழுதிய குறிப்பைக் கிழித்துக் கூடையில் போட்டார். "அம்மா, நீங்க முதல்ல தண்ணி குடிங்க," என்றார்.

மகள் கையைப் பிடித்துத் தூக்கிய பிறகுதான் எழுந்தேன். வெளியே வந்தபோது மணி மூன்று அடித்தது. குமாஸ்தா முதல்வரிடம் கையெழுத்து வாங்கி வந்து சேர்க்கைப் பட்டியலைப் பலகையில் குத்தினார். எல்லாப் பெயரும் டைப் அடித்திருந்தது. கடைசி மூன்று மட்டும் பேனாவால் எழுதியிருந்தது. மை இன்னும் காயவில்லை. கூட்டம் முன்னால் நெருக்கியது.

"ஏம்ப்பா, இந்த மூணு பேரு மட்டும் கையால எழுதியிருக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சிபாரிசா?"

என் மகள் திரும்பிப் பார்த்தாள். "இல்லீங்க," என்றாள். "எங்களத் தேடிக் கண்டுபுடிக்க லேட்டாயிடுச்சு."

கேட்டவருக்கு ஒன்றும் புரியவில்லை. மூன்று பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் கூட்டத்துக்குள் நுழைந்து பலகைக்கு அருகே போனேன். மகளின் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் மை என் விரலில் ஒட்டியது.